ஆடை நீக்கிய பாலும் மூன்று கடிதங்களும்

டம்ளரில் பால் இருந்தது. மேலே ஆடை இல்லை. சர்க்கரையும் இல்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்த குமாஸ்தா டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா, இது பாலா, இல்ல டம்ளர் கழுவின தண்ணியா?"

"பால்தாங்க. இனிமே சாயங்காலம் இந்த ஒரு டம்ளர்தான். மூணு டம்ளர் கதையெல்லாம் முடிஞ்சுது."

"யார் சொன்னா?"

"உங்க அப்பாவும் அண்ணனும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தாங்களே, அவங்க சொன்னாங்க. ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாருங்க. கொழுப்பு சரியா இருந்தா ஆடையோட நானே தர்றேன்."

ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே குமாஸ்தாவுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அதை வெளியில் சொல்ல முடியுமா?

"பால் இதயத்துக்கு ஆகாதுன்னு ஒருத்தன் சொல்றான். நல்லதுன்னு இன்னொருத்தன் சொல்றான். படிச்சவங்களுக்குள்ளயே இன்னும் சண்டை தீரல. அதுக்குள்ள என் ரத்தம் எதுக்கு?"

"அவங்க சண்டை தீர்ற வரைக்கும் நீங்க இருக்கணுமே."

அவர் இருபத்திரண்டு வருடமாகத் தபால் பிரிவில் இருப்பவர். ஒழுங்காக எழுதிய கடிதத்தால் தீராத சிக்கல் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார். ஒரு விஷயத்துக்கு மூன்று கடிதம். மூன்றுக்கும் பதில் சரியில்லை என்றால் நான்காவதை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. இந்த முறையில் அலுவலகத்துக்கு ஒரு மின்விசிறியும் தெருவுக்கு ஒரு விளக்கும் வாங்கிக்கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாரப் பத்திரிகை வரும். அதில் வரும் டாக்டர் கேள்வி-பதிலை மனைவி ஒரு வரி விடாமல் படிப்பாள். அந்த டாக்டர் வாயாலேயே பாலுக்கு அனுமதி வாங்கிவிட்டால்?

மனைவி கண்ணில் படாமலிருக்க அலுவலகத்தில் உட்கார்ந்தே எழுதினார். வீட்டில் அவள் பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பாள். ஏதோ தட்டச்சு வேலை. யாருக்கு என்று எட்டு வருடத்தில் அவர் கேட்டதில்லை. ஒருமுறை அவளே சொன்னதாக ஞாபகம். அப்போது அவர் பால் குடித்துக்கொண்டிருந்தார்.

'ஐயா, எனக்கு வயது ஐம்பத்திரண்டு. தினமும் ஒரே ஒரு டம்ளர் பால் குடிக்கிறேன். ஆடையும் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளலாமா? இப்படிக்கு, ஒரு வாசகர்.'

இரண்டாவது வெள்ளிக்கிழமை மனைவி உரக்கப் படித்தாள்.

"'ஒரு டம்ளர் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று டம்ளர்காரர்கள். பாலைப் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. சர்க்கரையைப் பற்றி வாதமே இல்லை. காப்பியிலும் நிறுத்துங்கள்.' பாத்தீங்களா, உங்களை மாதிரியே ஒரு மனுஷன்!"

மறுநாள் காலை காப்பியிலும் சர்க்கரை இல்லை.

இரண்டாவது கடிதத்தை 'ஒரு இல்லத்தரசி' எழுதினாள். 'பாலைக் குறைத்ததிலிருந்து என் கணவர் துரும்பாக இளைத்துவிட்டார். பார்க்கச் சகிக்கவில்லை.'

அதற்கும் பதில் வந்தது.

"'அம்மா, துரும்பாக இளைத்தவர் இடுப்பு வாரின் நுனிப்பக்கம் ஆணி வைத்துப் புது ஓட்டை போடுவானேன்? காலையில் நாற்பது நிமிடம் நடக்கவையுங்கள்.'"

குமாஸ்தாவின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. போன மாதம்தான் ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து அந்த ஓட்டையைப் போட்டிருந்தார்.

"வாரைப் பத்தி அந்தம்மா எழுதவே இல்லையே!"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இல்ல... கேள்வியில காணோமேன்னு சொன்னேன்."

"கேள்வியைச் சுருக்கித்தாங்க போடுவாங்க" என்றாள் மனைவி. மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் வாசலில் அவருடைய பழைய கான்வாஸ் ஷூ துடைத்துவைக்கப்பட்டிருந்தது.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அண்ணே, உங்க எழுத்து முத்து முத்தா இருக்கு. அதுவே காட்டிக்குடுத்துரும். இடது கையால எழுதுங்க. பேருந்து ஏறிப் போய் வேற ஊர்ப் பெட்டியில போடுங்க."

அப்படியே செய்தார். 'நான் இருபத்தாறு வயது ஓட்டப்பந்தய வீரன். பயிற்சிக்குப் பிறகு மூன்று டம்ளர் கெட்டிப் பால் குடிக்கலாமா?'

அந்த வெள்ளிக்கிழமையும் மனைவி உரக்கப் படித்தாள்.

"'தம்பி, இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று, பையில் சாவி தேடுவதுபோல் பாவனை செய்யும் ஓட்டக்காரர் நீங்கள் ஒருவர்தான். ரத்தப் பரிசோதனை முடிவு தெரியும்வரை பாலைத் தொடவேண்டாம்.'"

அன்று சாயங்காலம் டம்ளரில் வெந்நீர் இருந்தது.

'யாருய்யா இவன்? ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிறானா?' குமாஸ்தா பொறுமை இழந்தார். நான்காவதை எழுதினார், மூன்று பிரதிகள். 'தங்கள் டாக்டர் வாசகர்களை வேவு பார்க்கிறார்' என்று தொடங்கி, புகார் என்பதால் உண்மையான பெயரும் விலாசமும் போட்டு முடித்தார்.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை.

"ஆபீஸ்ல ஒரு அவசர வேலை. போய்ட்டு வந்துடறேன்."

"காஸ் தீர்ந்துபோச்சுங்க, காப்பிகூட இல்ல. வெளியில கண்டதையும் வாங்கிச் சாப்பிட்டுறாதீங்க. வந்ததும் சூடா சமைச்சுத் தர்றேன்."

பத்திரிகை அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. ஏறும்போது மூன்றாவது முறையாக நின்றபோதுதான், பைக்குள் சாவி தேடிக்கொண்டிருந்த தன் கையைக் கவனித்தார். திருடனைப் போல் வெளியே எடுத்துக்கொண்டார்.

முன்மேசையில் இருந்த பெண் கடிதத்தை வாங்கி, நேராகக் கடைசிக்குப் போய் விலாசத்தைப் படித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் மெல்ல அவருடைய இடுப்பு வாருக்கு இறங்கியது.

"உட்காருங்க சார். அக்கா நேத்தே போன் பண்ணிட்டாங்க, நாலாவதை நேர்லயே கொண்டு வருவீங்கன்னு."

"அக்காவா? எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான் சார். டாக்டருக்கு வர்ற கடிதத்தையெல்லாம் பிரிச்சு, விடுபட்ட விவரத்தைச் சேர்த்து, சுருக்கி எழுதித் தர்றது எட்டு வருஷமா அவங்கதானே! சட்டைக் கையை மடிச்சுக்கோங்க, வெறும் வயித்தோடதான் அனுப்பியிருக்கேன்னாங்க, அவங்க லேப்ல சொல்லி வரவழைச்ச ரத்தம் எடுக்கிறவர் உள்ள காத்துக்கிட்டிருக்காரு."