இருபத்திரண்டு நகைச்சுவைகளின் பெயர்மாற்றம்

துக்கத்தைச் சரியாகக் கையாள மனித குலம் கற்றுக்கொண்டது சென்ற ஆண்டு. ஒரு வங்கியின் மேல்மாடியில், ஆறு சனிக்கிழமைகளில், காலை பத்து முதல் ஒன்று வரை. அந்த வரலாற்று நிகழ்வில் நானும் பங்கேற்றேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வயது முப்பத்தொன்று. தகுதி: மனைவி இறந்து எட்டு மாதம்.

பயிலரங்கத்தின் பெயர் 'வலியைச் சிரிப்பாக்கு'; முடிவில் ஆளுக்கொரு புத்தகம். பயிற்சியாளர் மகத்தான மனிதர். நாங்கள் எழுதி வந்த துயரத்தை வாசிப்போம். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எழும் சிரிப்புகளைப் பென்சிலால் கோடு போட்டு எண்ணுவார். மூன்றுக்குக் குறைந்தால் அந்தப் பக்கம் 'மறுபரிசீலனை'க்குப் போகும். விவாகரத்தான ஒரு பல் மருத்துவர் பக்கத்துக்குப் பதினொன்று எடுத்தார். என் முதல் பக்கம் இரண்டு எடுத்தது. அதில் ஒன்று இருமல் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் இதை வாசித்தேன்: சிகிச்சையில் முடி மொத்தமும் கொட்டிய அன்று, என் மனைவி தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இனிமே சோத்துல முடி கிடந்தா என்னைக் கேக்காதே. அது உன்னோடது."

ஒரு கோடும் விழவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஜோக் பிரமாதம். சொல்ற ஆள்தான் சரியில்ல," என்றார் பயிற்சியாளர்.

"அவதானே சார் சொன்னா?"

"அவங்க சாகப்போறாங்க தம்பி. சாகப்போறவங்க ஜோக் அடிச்சா ஜனம் அழுதுடும். அதையே நீங்க சொல்லுங்க. அவங்க சிரிக்கட்டும்."

"எனக்கு ஜோக்கெல்லாம் வராது சார். வீட்ல அவதான்..."

"வீட்ல வராட்டி என்ன? புத்தகத்துல வரும்."

வந்தது. பெரிய டாக்டரும் ஆறு மாணவர்களும் கட்டிலைச் சூழ்ந்தபோது, "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ கூட்டம் வரலியே" என்று அவள் முணுமுணுத்ததும் என்னுடையதாயிற்று. மொத்தம் இருபத்திரண்டு நகைச்சுவைகள், சட்டப்படியான வாரிசு என்ற முறையில், என் பெயருக்கு மாற்றப்பட்டன. அதன்பின் புத்தகத்தில் அவளுக்கு வேலை இல்லை. எனவே 'கலகலவென்று சிரித்தாள்' என்னும் பொறுப்பு வழங்கப்பட்டது. இருபத்திரண்டு முறை திறம்படச் செய்தாள்.

வெளியீட்டு விழா அதே மேல்மாடியில் நடந்தது. பல் மருத்துவர் எழுந்து கேட்டார்: "உங்க வீட்டம்மாவும் உங்கள மாதிரியே தமாஷா பேசுவாங்களா?"

"இல்லீங்க. அவ கொஞ்சம் சீரியஸ் டைப்."

அரங்கம் அதிர்ந்தது. பயிற்சியாளர் எண்ணுவதை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

கையெழுத்து வாங்கும் வரிசையில் என் மாமியாரும் நின்றிருந்தார். புத்தகத்தை நடுவில் விரித்து நீட்டினார். முடிப் பக்கம்.

"முதல் பக்கத்துலதான் போடுவாங்க அத்தை."

"எனக்கு இங்கயே போடுங்க மாப்ள." வரியின் மேல் விரலை வைத்தார். "ரெண்டு நாளா நீங்க தட்டையே தொடலன்னு அன்னைக்கு எனக்கு போன் பண்ணினா. இதை அவ சொன்னப்புறம்தான் சிரிச்சீங்களாம், நாலு வாய் சாப்பிட்டீங்களாம். அவ்ளோ சந்தோஷம் அவளுக்கு." விரலை எடுத்தார். "இது நீங்க சொன்னதுன்னு இங்க எழுதி, கீழ கையெழுத்து போடுங்க."

பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன், தேதியுடன்.