பதினெட்டாம் டோக்கன்

மிகையெண் பித்தர் என்றொரு இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓர் எண்ணை மீதமின்றி வகுக்கும் சின்ன எண்களையெல்லாம் கூட்டினால் அந்த எண்ணையே மிஞ்சிவிட்டது என்றால் அது மிகையெண். பன்னிரண்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, கூட்டினால் பதினாறு. நமக்கு இது கணக்கு. அவருக்கு இதுதான் வாழ்க்கை.

பதினேழாம் மாடிக்குப் போக வேண்டியவர் லிஃப்டில் பதினெட்டுக்குப் போய்ப் படியிறங்கி வருவார், காற்றோட்டமான பத்தொன்பதாம் எண் வீட்டை உதறிவிட்டு ஒழுகுகிற இருபதாம் எண்ணுக்குக் குடிபோவார், கேட்டால், "இதெல்லாம் தாராள மனசுக்கார எண்ணுங்க" என்பார். தாராளமா? அவர் மனைவியைக் கேளுங்கள்.

அந்த அம்மாளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கி, பல் மருத்துவரின் வாசலறையில் பதின்மூன்றாம் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதும் எழுந்தவரைக் கணவர் பிடித்து உட்கார வைத்தார்.

"பதிமூணு வேண்டாம்மா. கஞ்சப் பிசினாறி எண். பதினெட்டுல போகலாம்."

"உயிர் போகுதுங்க!"

"ரெண்டு மிகையெண்ணுக்கு நடுவுல இடைவெளி ஆறைத் தாண்டவே தாண்டாது. பன்னண்டுலேர்ந்து ஆறாம் வாய்ப்பாடு முழுக்க மிகையெண்தான். நிரூபிச்சாச்சு!"

பதினெட்டு வைத்திருந்தவர் வாயெல்லாம் பல்லாக டோக்கனை மாற்றிக்கொண்டு உள்ளே ஓடினார். பிறகு வந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பதினேழு வெளியே வந்ததும் பின்னாலேயே மருத்துவரும் சாவியோடு வந்தார்.

"இன்னிக்கு அவ்வளவுதான். நாளைக்கு வாங்க."

"அடுத்தது பதினெட்டு டாக்டர்! வந்தே தீரணும்!" மருத்துவர் அந்த நிரூபணத்தைப் படித்தவரில்லை.

"நாளைக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து" என்று விளக்கை அணைத்தார்.

கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒண்ணுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் மிகையெண்ணே கிடையாதே! அப்ப நாளைக்கும் பன்னண்டு வரைக்கும்..."

அம்மாள் எழுந்தார். கணவரை ஒரு கையாலும் மருத்துவரை மறு கையாலும் ஒதுக்கிவிட்டு, இருட்டிலேயே உள்ளே போய் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்துவிட்டார். மருத்துவர் விளக்கைப் போட்டார். வேறென்ன செய்வார்?

பல்லைப் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சோடு வந்த மனைவியிடம் கணவர் வலிக்கிறதா என்றா கேட்டார்?

"இப்ப முப்பத்தொண்ணுதானே? இன்னும் ஒண்ணு எடுத்துட்டா முப்பது. அருமையான மிகையெண்!"

அம்மாள் பஞ்சைத் துப்பினார். "உங்களுக்கு முப்பத்திரெண்டு இருக்கு. ரெண்டு எடுத்தா நீங்களும் முப்பது. டாக்டர், இவரைப் படுக்க வைங்க."

எத்தனை படி என்று எண்ணாமல் அவர் இறங்கி ஓடியது வாழ்நாளில் அன்று ஒருநாள்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முப்பத்திரண்டு மிகையெண்ணா இல்லையா என்று நடுவிலே நிறுத்தி விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தது யார்? எங்கே, வாயைக் கொஞ்சம் திறவுங்கள்.