அண்டா வந்துருச்சு

திருப்பூர்,
12-8-1992

மடத்துக்குளத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரின் தங்கை மருதாளுக்கு, உன் அண்ணன் பெண்சாதி, உன் நங்கை ரங்காத்தாள், ஆண்டவர் பேரால் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே யாவரும் சுகம் என்று எழுத ஆசைதான். உயிரோடு இருக்கிறோம், அதுவரைக்கும் எழுதலாம்.

வீடு தீப்பிடித்த அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது வந்து வேறு மாதிரி சொன்னால் நீ நம்பக்கூடாது. என் மருமகள் சாரதாமணி இருந்தாள். எதிர்வீட்டுக் கட்டிங் மாஸ்டர் குமாரசாமி இருந்தான். சபைப் போதகர் ஐயா, யார் வீட்டுக்கோ ஜெபத்துக்கு வந்தவர், சைக்கிளோடு நின்றார். பைப்படியில் மயிலாள் இருந்தாள், என் சோப்பு டப்பாவை வாங்கிக்கொண்டு போய் இன்னும் தராத மயிலாள். என் பேத்தி எப்சிபா இருந்தாள், அவள் எங்கே இருந்தாள் என்பதுதான் இந்தக் கடிதம். அப்புறம் நான். என் மகன் சாயப்பட்டறையில் ஷிப்டுக்குப் போயிருந்தான், அவனைச் சேர்க்க வேண்டாம்.

அண்டாவும் இருந்தது. எந்த அண்டா என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மா என் கையில் கொடுத்த பித்தளை அண்டா. அவர்களை அடக்கம் செய்துவிட்டு வந்து கால்கூடக் கழுவாமல், "எங்க நங்கைக்குப் பெத்த புள்ளையவிடப் பித்தளை பெருசுங்க" என்று பந்தி நடுவில் சொன்னாயே, அந்த அண்டா. அன்றைக்கு நீ கட்டியிருந்த ஊதாச் சேலையும் என்னுடையது. போகட்டும், அதையெல்லாம் மன்னித்துத்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாரதாமணி, "பாப்பாவப் பாத்துக்குங்கத்தை, தண்ணி வந்துருச்சு" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நானும் சரி என்றேன். சரி என்றவள் பார்த்தேனா? கால்மிதி பின்னுவதற்காகக் குமாரசாமி கொடுக்கிற பனியன் கட்டிங் வேஸ்ட்டையெல்லாம் அண்டாவில்தான் போட்டு வைப்பேன், அதில் ஒரு கை எடுத்து வைத்துப் பின்னிக்கொண்டே அப்படியே கண்ணசந்துவிட்டேன், முழித்தால் ஊடு பூராவும் புகை, பக்கத்து வேஸ்ட் குடோனில் பிடித்த தீ எங்கள் கூரைக்கு வந்தாயிற்று, தெருவில் ஒரே கூச்சல், பாப்பா அம்மா பின்னாலேயே பைப்படிக்குப் போயிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, நினைத்துக்கொண்டேன் என்றால் திரும்பிக்கூடப் பார்க்காமல் நினைத்துக்கொண்டு, அண்டாவின் காதைப் பிடித்து இழுத்தேன். தையல் மெசினை விட்டேன், துணிப்பெட்டியை விட்டேன். என்றைக்கும் இல்லாத கனம் கனத்தது. வயசாகிவிட்டது என்று நினைத்தேனே ஒழிய வேறொன்றும் தோன்றவில்லை. வாசற்படியில் இடித்து, சாக்கடையைத் தாண்டி, நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்து அதன்மேல் சாய்ந்துகொண்டேன்.

"அம்மாயி, எல்லாரும் வெளிய வந்தாச்சுங்களா?" என்று குமாரசாமி கேட்டான்.

"அண்டா வந்துருச்சு சாமி!" என்றேன்.

மருதாள், இதைத்தான் சொன்னேன். பொய்யில்லை. அதற்குள் சாரதாமணி ஓடிவந்து, "பாப்பா எங்கீங்கத்தை?" என்றாள். "உன்ற கூடத்தானே கண்ணு வந்தா?" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், தீக்குள்ளே போய்விட்டாள். குமாரசாமி போய் இழுத்துக்கொண்டு வந்தபோது அவளுடைய வலது கை முழங்கைவரைக்கும் வெந்திருந்தது. அவள் கத்திய கத்தலில்தான் அண்டாவுக்குள் வேஸ்ட்டு அசைந்தது. தலையெல்லாம் பனியன் நூலாக எப்சிபா எழுந்து உட்கார்ந்து, "அப்பாயி, பன்னு வேணும்" என்றாள். மெத்துமெத்தென்று இருக்கிறதென்று உள்ளே இறங்கி, துணியை இழுத்துப் போர்த்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் ஆராதனையில் போதகர் ஐயா என்னை எழுப்பி நிறுத்தினார். "ஊடு போச்சு, மெசினு போச்சு, இந்தத் தாயார் ஒண்ணையுந் திரும்பிப் பாக்கலைங்க. ஆத்துல கூடையில வந்த பிள்ளை மாதிரி, பேத்தியத் துணிக்குள்ள பொதிஞ்சு அண்டாவுல வெச்சுக் காப்பாத்தினாங்க!" என்றார்.

"இல்லீங்கய்யா, நான் அண்டாவத்தானுங்க எடுத்தேன். புள்ள உள்ள இருந்தது எனக்குத் தெரியாதுங்க."

"பாருங்க, என்ன தாழ்மை!" என்று கண்ணை மூடிக்கொண்டார். சபை பூராவும் தோத்திரம் சொன்னது.

"நிசமாத்தானுங்கய்யா!"

"இன்னுந் தாழ்த்துறாங்க பாருங்க!"

மருதாள், நான் என்ன செய்ய? குமாரசாமியிடம் சொன்னால், "பதட்டத்துல வாய்க்கு வந்தது அது, விடுங்க அம்மாயி" என்கிறான். மயிலாள் அழுதுகொண்டே வந்து என் சோப்பு டப்பாவைப் புதுச்சோப்போடு திருப்பிக் கொடுத்துவிட்டாள், அவள்மேல் இருந்த கோபத்தையும் வைத்துக்கொள்ள வழியில்லை. பூச்சி அரிக்கிறதையும் துருப்பிடிக்கிறதையும் சேர்க்காதே என்று பிரசங்கம் கேட்டு ஞாயிறுதோறும் தலையாட்டியவள்தான் நான். பித்தளை துருப்பிடிக்காதே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு ஆட்டியிருக்கிறேன், அது இப்போதுதான் தெரிகிறது. சபைக் கூடத்துப் பின்னறையில்தான் இருக்கிறோம். சாரதாமணி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடதுகையால் எனக்குச் சோறு போடுகிறாள். "சாப்புடுங்கத்தை" என்பதோடு சரி.

என்னைப் பற்றிக் கேவலமாக நினைக்க இந்த ஊரில் ஆளில்லை. சொன்னால் நம்புகிறவள் நீ ஒருத்திதான். அதனால் நீ வா. வந்து கூடத்து வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி என்னைத் திட்டு. உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திட்டிவிட்டு அண்டாவை எடுத்துக்கொண்டு போய்விடு, என் கண்ணில் அது படக்கூடாது.

உன் வீட்டுக்காரருக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்கள் கூரையையும் அதற்குக் கீழே இருக்கிறவர்களையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
ரங்காத்தாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டு உள்ளே போனேன். சாரதாமணி ஒற்றைக் கையால் அண்டாவுக்குள் பழைய சேலையை மடித்துப் போட்டு, பாப்பாவை உள்ளே படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் கண்ணு, பாய் கெடக்குதே?" என்றேன். "இனித் தெனமும் இதுலதானுங்கத்தை. மறுக்காத் தீப்பிடிச்சா நீங்க இதைய மறக்க மாட்டீங்களே" என்றாள். சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து பாப்பாதான் சிரித்தது. வாசற்படியில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆகையால் நீ வர வேண்டாம். எனக்குச் சேர வேண்டிய திட்டு வந்து சேர்ந்துவிட்டது. அண்டாவும் கிடையாது, அதில் பிள்ளை தூங்குகிறது. உன்னை மன்னித்ததாக மேலே எழுதியதையும் அடித்துவிடு. பந்தி நடுவில் நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். அது நிசமாகிப் போச்சு. இனி மன்னிக்கவே மாட்டேன், மருதாள்.