நானே கட்டி நானே கொளுத்திய பாலம்

எங்கள் குடும்பத்தில் நிலத்தைப் பாகம் பிரித்தபோது ரோஷத்தையும் சேர்த்தே பிரித்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன்.

கடத்தூர் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்குப் போக, பெரியப்பா வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். ஒருநாள் டிராக்டர் திரும்ப இடமில்லை என்று அவர் என் பைக்கை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். (ஸ்டாண்டுகூட ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்.) எனக்குப் பொறுக்கவில்லை.

“இனிமே உங்க வாசல் மண்ணு என் கால்ல ஒட்டாதுங்க” என்று சபதம் போட்டேன். அந்தக் கோபத்திலும் ‘ங்க’வை விடாததற்காக என்னை நானே மெச்சிக்கொள்வதுண்டு.

சபதம் போட்டவன் பறந்தா போக முடியும்? வீட்டுக்குப் பின்னால் ஓடை, அதைத் தாண்டினால் இன்னொரு ரோடு. காற்றில் விழுந்த இரண்டு தென்னை மரங்களைக் குறுக்கே போட்டு, மேலே காய்ந்த மட்டைகளைப் பரப்பி, ஒற்றை ஆளாகப் பாலம் கட்டினேன். பைக்கே போகும். அம்மா மட்டும் அதில் கால் வைக்கவில்லை. பெரியப்பா வாசல் வழியாகவே போய்வந்தார், அங்கே காபியும் குடித்துவிட்டு.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் அமைந்தது. போட்டோவைப் பார்த்ததுமே, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன் (இன்னொரு சபதம்). தருமபுரியிலிருந்து பெண்ணின் அப்பாவும் அண்ணனும் ‘வூடு பாக்க’ வருவதாகச் சொன்னார்கள். பாலத்தைப் பார்த்தாலே பெண் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி, அவர்களை ஓடைப் பக்கமாக வரச் சொன்னேன்.

அன்று காலை, இடம் சுத்தமாக இருக்கட்டுமே என்று பாலத்தை ஒட்டிக் கிடந்த காய்ந்த இலைக்குப்பைக்கு, கரும்புச் சோகைக்குத் தீ வைத்தேன். காற்று திரும்பியது. மட்டைகள் பற்றிக்கொண்டன. குடம் குடமாக ஊற்றியும் அடங்கவில்லை. பாலம் நடுவில் முறிந்து ஓடையில் விழுவதற்கும், அக்கரையில் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

பெரியப்பாவிடம் போய் வழி கேள் என்றார் அம்மா. நானா? வீட்டிலிருந்த ஏணியை ஓடைக்குக் குறுக்கே போட்டு, எவ்வளவு உறுதி என்று காட்ட இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அதன்மேல் நடந்தேன். பாதி தூரம் வரை உறுதியாகத்தான் இருந்தது.

இடுப்பளவு சேற்றில் நின்றபடி வருங்கால மாமனாருக்கு வணக்கம் சொன்னேன். அவர் திரும்பிப் போகக் கார் கதவைத் திறந்தார். கல்யாணம் போயிற்று என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புகையைப் பார்த்துப் பெரியப்பா வந்திருந்தார். என்னைத் திரும்பியும் பார்க்காமல் அக்கரையைப் பார்த்துச் சொன்னார்: “காரை அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டு வாங்க. எங்க வூட்டுக்கு வழி என் வாசல்லதாங்க.”

வந்தவர்களைத் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் சேறு சொட்டச் சொட்ட, உள்ளே கால் வைக்காமல் வேலியோரம் நின்றேன்.

“வாடா” என்றார் பெரியப்பா. “மண்ணு ஒட்டாது. சிமெண்டு போட்டுட்டேன்.”

பெண் வீட்டார் வருவது தெரிந்துதான் போட்டாராம். அம்மா பிறகு சொன்னார்.

விஷயத்தைக் கேட்ட பெண்ணின் அண்ணன், பெங்களூரில் வேலை பார்ப்பவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “திரும்பிப் போக முடியாதபடி உறவை முறிச்சுக்கிட்டா, பாலத்தைக் கொளுத்திட்டான்னு இங்கிலீஷ்ல சொல்லுவாங்க. நெசமாவே கொளுத்துன ஆளை இப்பத்தாங்க பாக்கறேன்.”

பெண் கொடுத்தார்கள். என்னைப் பார்த்து அல்ல, பெரியப்பாவைப் பார்த்துத்தான் கொடுத்தாராம் மாமனார். அதிலும் எனக்குப் பெருமைதான், என் பெரியப்பா அல்லவா.

பாலத்தை மறுபடி கட்டவில்லை. பைக் பெரியப்பா வாசலில்தான் நிற்கிறது. இடைஞ்சலாக இருந்தால் அவரே தள்ளி நிறுத்திக்கொள்கிறார். சொந்தக்காரர்கள் யாரிடமாவது நான் போனில் குரலை உயர்த்தினால், என் மனைவி அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.