படிச்ச வருஷம் சேராது

இந்த வருஷமும் ஓய்வு பெறுவதில்லை என்று கர்னல் உறுதியாகத் தீர்மானித்தார். தீர்மானம் நிறைவேறிய இடம் குளியலறை. அந்த வீட்டில் அவர் எதிர்ப்பில்லாமல் தீர்மானம் போடக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

கர்னல் என்றதும் துப்பாக்கியை நினைக்க வேண்டாம். அவர் ராணுவ ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர். உடைந்ததை ஒட்டுவார். ஒட்டியதை லேசில் பிரிக்க மாட்டார். "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே" என்பார். அதனால் வார்டில் அவருக்கு 'பிளாஸ்டர்' என்று பெயர். கட்டுப் போட்டவர்கள் எல்லாரும் ஒருநாள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். பிளாஸ்டர் மட்டும் ஆஸ்பத்திரியை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவரும் மனைவியும் ஓர் எலுமிச்சைச் செடியும். பிள்ளைகள் வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். செடி மட்டும் போகவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி விதை போட்டு முளைக்கவைத்தது அது. பாதியாக வெட்டிய தகர டிரம்மில் நின்றது. மாற்றல் வரும்போதெல்லாம் லாரியில் ஏறும். அடுத்த ஊரில் இறங்கும். பெட்டிகளின் மேல் பழைய ஊரின் பெயரை அழித்துப் புது ஊரின் பெயரை எழுதுவார்கள். செடிக்கு எழுத ஒன்றுமில்லை. அது பேசாமல் இரண்டு இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். காய்த்தால் கோலிக்குண்டு அளவுக்குக் காய்க்கும்.

"மண்ணுல நட்டுடலாமே" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

"நட்டா வேர் பிடிச்சிடும். அப்புறம் பிடுங்கணும்" என்பாள் அவள்.

அவளுடைய அப்பா விட்டுப்போன சின்ன வீடு ஒன்று இருந்தது. பின்பக்கம் வெறும் மண்ணாக ஒரு துண்டு நிலம். அங்கே இந்தச் செடியை இறக்க வேண்டும். பெட்டிகளைப் பிரித்து, காலிப் பெட்டிகளை விறகுக்குப் போட்டுவிட வேண்டும். அதற்கு இவர் ஓய்வு பெற வேண்டும். அவள் வாழ்க்கையில் கேட்டது அவ்வளவுதான்.

முதல் தடவை கேட்டபோது அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, நீங்க யூனிஃபார்ம் போட்டு இருபது வருஷம் ஆச்சு. பென்ஷனுக்கு இருபதுதானே?"

"எங்கேருந்து எண்ணினே?"

"காலேஜ்ல சேர்ந்த நாள்லேருந்து. அங்கேயே யூனிஃபார்ம்தானே போட்டுட்டு நின்னீங்க? போட்டோ இருக்கே. காதுதான் பெருசா தெரியும்."

"அதெல்லாம் சேராதும்மா. அரசாங்கச் செலவுல டாக்டருக்குப் படிச்ச வருஷம் சர்வீஸ்ல சேராது. பாஸ் பண்ணி வேலைக்கு வந்த நாள்லேருந்துதான் கணக்கு."

இது சத்தியமான உண்மை. அவளும் சரியென்று செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். குறைந்த அந்த வருஷங்களும் ஓடின. மறுபடி வந்து நின்றாள்.

"இப்ப ஆச்சா?"

ஆகிவிட்டதுதான். ஆனால் வாய் வேறு ஏதோ சொன்னது.

"எலும்புக்குன்னு மேல்படிப்பு படிச்சேன்ல? அதுவும் படிச்ச வருஷம்தானே? சேராது."

"அப்ப சம்பளம் வாங்கினீங்களே!"

"சம்பளம் வேற, சர்வீஸ் வேற."

"ராத்திரியெல்லாம் டியூட்டி பார்த்தீங்களே!"

"அதுவும் படிப்புல ஒரு பாகம்."

"தினமும் பேப்பர் படிக்கிறீங்களே, அதையும் கழிச்சிடுவாங்களா?" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கர்னல் புத்திசாலி. பாதிப் பூசணிக்காயைத்தான் மறைத்தார். மீதிப் பாதி உண்மை என்பதால் மனசாட்சிக்கும் ஜீரணமானது. அன்றிலிருந்து அவள் ஓய்வு என்று வாயெடுத்தால் போதும், "படிச்ச வருஷம் சேராது" என்பார். வருஷத்துக்கு ஒருமுறை சொல்லும் மந்திரம். பலித்துக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் அப்பாவின் வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். அவள் அதைச் சொன்னாள். கர்னல் மந்திரத்தைச் சொன்னார். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அவருக்கே அது கொஞ்சம் உறுத்தியது. ஒரு வார்த்தையாவது சண்டை போட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குட்டி கேப்டன் வந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் இளையவள், உயரமும் குறைவு, அதனால் அந்தப் பெயர். படித்து முடித்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கெட்டிக்காரி. கர்னலுக்கு அவள்மேல் மகள்போல ஒரு பிரியம். வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"சார், நான் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

கர்னலின் பிஸ்கட் டீயில் விழுந்தது.

"ஏம்மா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதில்ல சார். காலேஜ்ல அத்தனை வருஷம் யூனிஃபார்ம் போட்டு ஓடினோம், விழுந்தோம், படிச்சோம். எல்லாம் தண்டம்தானாமே. ஓய்வூதியத்துல ஒரு நாள்கூட சேராதாமே?"

"எந்த மடையன் சொன்னான்?"

குட்டி கேப்டன் டீக்கோப்பைக்குள் பார்த்தாள். "ஒரு பெரியவர் சொன்னதா கேள்விப்பட்டேன் சார். அனுபவஸ்தர்."

"அரைவேக்காடு! இங்க பாரும்மா." கர்னல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, கட்டைப் பிரிக்க மனசு வராது. மற்றொன்று, யாராவது தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்தாமல் இருக்க முடியாது. "ஓய்வூதியத்துக்கு ஒரு வாசல் இருக்கு. அந்த வாசல் வரைக்கும் நடக்கணும். காலேஜ்ல படிச்ச வருஷம் அந்த நடையில சேராது. அது நிஜம். ஆனா வாசலைத் தாண்டிட்டேன்னு வை, உனக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு உள்ள உட்கார்ந்து கணக்குப் போடுவாங்க. அப்போ அந்தக் காலேஜ் வருஷம் எல்லாம் பின்னாலேயே ஓடிவந்து உட்கார்ந்துக்கும். ஒண்ணுகூட வீணாப் போகாது."

"ஓ! அப்ப மேல்படிப்பு, சார்? நான் படிக்கணும்னா?"

"அதுக்கென்ன? சம்பளம் வாங்கிட்டு, டியூட்டி பார்த்துட்டுப் படிக்கிறே. முழுசா சேரும். வாசலுக்கும் சேரும், உள்ளேயும் சேரும்!"

"நிச்சயமா சார்?"

"நிச்சயமாவா? என்னையே எடுத்துக்கோ! நான் வாசலைத் தாண்டி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? இன்னிக்கு எழுதிக் கொடுத்தாலும் ராஜாவாட்டம் வீட்டுக்குப் போகலாம். யார் தடுக்கிறா என்னை?"

கேட்டுவிட்டு உள்ளங்கையை விரித்தார். விரித்த கைக்கு எதிரே சமையலறைத் திரை. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள்.

பாதங்கள் நகரவில்லை. கர்னலும் நகரவில்லை. குட்டி கேப்டன்தான் எழுந்து, "ரொம்ப தேங்க்ஸ் சார், மனசு தெளிவாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள்.

மனைவி தட்டோடு வந்தாள். கோப்பைகளை எடுத்தாள். "பிஸ்கட் கரைஞ்சு போச்சே, வேற டீ போடட்டுமா?" என்றாள். குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பிறகு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கூடத்தில் கடிகாரம் அவ்வளவு சத்தமாக ஓடும் என்பது கர்னலுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவரும் பின்னால் போனார். செடிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள்.

"ஏம்மா, திட்டேன்."

"எதுக்கு? மடையன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அரைவேக்காடுன்னும் சொல்லிட்டீங்க. எனக்கு என்ன மிச்சம் வெச்சீங்க?"

கர்னல் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லாத இலை. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அங்க நான் உள்ள நுழைஞ்சா பத்துப் பேர் எந்திரிச்சு நிக்கிறாங்க."

"இங்க நான் எந்திரிச்சு நிக்கணுமா?"

"அதில்லம்மா. காலையில எந்திரிச்சா எங்க போறதுன்னு கால் தானா போகுது. நாளைக்கு அந்த வீட்டுல எந்திரிச்சா, எனக்கு எங்க போறதுன்னு தெரியாது. பயமா இருக்கு."

எத்தனையோ பேருடைய எலும்பை நேராக்கியவர் அதைச் சொல்லும்போது குனிந்து நின்றார். அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க காலேஜ்ல படிச்சப்போ நமக்கு நிச்சயம் மட்டும்தான் ஆகியிருந்துச்சு. கடைசி பரீட்சை முடியட்டும், முடியட்டும்னு எங்க வீட்டு ஜன்னல்லேயே உட்கார்ந்திருந்தேன். கல்யாணக் கணக்குல அது சேரவே இல்ல. அந்த வருஷமெல்லாம் எதுல சேரும்?"

கர்னல் விதி தெரிந்தவர், பொய் சொல்ல முடியவில்லை.

"வாசலுக்குச் சேராது" என்றார். "ஆனா வாசலைத் தாண்டிட்டா, ஒண்ணு விடாம சேரும்."

"அப்ப தாண்டுங்க" என்றாள். "எந்திரிச்சு நிக்க ஆள் வேணும்னா இது இருக்கு. காலையில தண்ணியோட வந்து பாருங்க, நின்னுட்டே இருக்கும். உட்காரச் சொன்னாலும் உட்காராது."

கர்னல் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். எலுமிச்சை இலையைக் கசக்கினால் அப்படித்தான் என்று அவராகவே காரணமும் சொன்னார்.

மறுநாள் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று வார்டு முழுக்க எழுந்து நின்றது. கால் உடைந்தவன் ஒருவனும் எழுந்திருக்கப் பார்த்தான். கர்னல் அவனை அதட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்தார்.

அப்பாவின் வீட்டில் பெட்டிகள் பிரிந்தன. செடியை மண்ணில் இறக்கும் நாள் வந்தது. டிரம்மை நகர்த்த ஆள் வேண்டுமென்று மனைவி சொல்லியனுப்ப, குட்டி கேப்டன் விடுமுறையில் வந்து சேர்ந்தாள். கர்னல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி வெட்டினார். இடுப்பு வலித்தது. ஆனாலும் பேச்சு குறையவில்லை.

"அன்னிக்கு நான் மட்டும் எடுத்துச் சொல்லலேன்னா, இந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டுப் போயிருக்கும். ஒரு நல்ல டாக்டரைக் காப்பாத்தினேன். அதுக்கு விலையாத்தான் நான் மாட்டிக்கிட்டேன். பரவாயில்ல."

குட்டி கேப்டன் நெளிந்தாள். "நான் எங்க சார் விடறதா இருந்தேன்? வர்ற மாசம் மேல்படிப்புக்குப் போறேன்."

மண்வெட்டி நின்றது. "பின்னே அன்னிக்கு?"

அவள் மனைவியைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க இன்னும் சொல்லவே இல்லையா?"

மனைவி வேரைச் சுற்றியிருந்த மண்ணைக் குழந்தையின் தலையைத் தடவுவதுபோல் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கர்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற யார் சொல்லியிருந்தாலும் 'அவனுக்கு என்ன தெரியும்'னு சொல்லியிருப்பீங்க. அதான் இவளை அனுப்பி உங்க வாயாலேயே சொல்ல வெச்சேன்."

"சரி, அதை இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"முதல்ல குழி வெட்டி முடியட்டும்னு இருந்தேன்" என்றாள். "இன்னும் ஒரு சாண் ஆழம் வேணும், வெட்டுங்க."