மரகதத்தின் டாஷ்போர்டில் நிலுவை ஏதுமில்லை

ஒரு காட்டில், அதாவது மலைமேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும், பள்ளத்தில் இறங்கினால் போய்விடும் என்கிற மாதிரியான ஒரு காட்டில், மார்த்தாண்டன் என்ற புலி அரசாண்டு வந்தது. 'வந்தது' என்றால் கோபித்துக்கொள்வார். அரசாண்டு வந்தார்.

அவருக்கு வயதாகிவிட்டது. பின்னங்கால் முட்டிகள் இரண்டும் தேய்ந்துவிட்டன. பதுங்கினால் எழ முடியவில்லை. எழுந்து பாய்ந்தால் 'மடக்' என்று ஒரு சத்தம் வந்தது. சத்தம் கேட்டதும் மான்கள் ஓடிவிடும். வெறுமனே ஓடினால்கூடப் பரவாயில்லை. சில மான்கள் நின்று, "பாத்து ராஜா, மெதுவா" என்று சொல்லிவிட்டு ஓடின. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இந்தச் சமயத்தில் பக்கத்துக் காட்டிலிருந்து எத்திராஜ் என்ற உடும்பு வந்து சேர்ந்தது. கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் லேப்டாப் பை. உடும்புப்பிடி என்கிறோமே, அது சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை என்பது என் கட்சி.

"சார், நீங்க இன்னும் ஓடித்தான் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டது எத்திராஜ். கேட்ட விதத்தில் புலிக்கே கூச்சமாகிவிட்டது.

"வேற எப்படிய்யா சாப்பிடுறது?"

"தானோட்டம்னு ஒண்ணு இருக்கு சார். வேலையெல்லாம் தானா ஓடும். பசிச்சா ஒரு பட்டனை அழுத்துவீங்க. கிட்டக்க எந்த இரை இருக்குன்னு அதுவே பாத்து விண்ணப்பம் தயார் பண்ணிடும். ஒப்புதல் ஆனதும் யானைக் காவலருக்குத் தகவல் போகும். அவர் இரையைத் தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல வச்சிடுவார். பக்கத்துக் காட்டுப் புலி சார் எழுந்து நின்னே ஆறு மாசம் ஆச்சு."

கடைசி வாக்கியம் வேலை செய்துவிட்டது. பக்கத்துக் காட்டுப் புலி படுத்துக்கொண்டே சாப்பிடும்போது தான் மட்டும் முட்டியைத் தேய்ப்பதா? மறுநாளே குகைக்கு எதிர்ப்பாறையில் பெரிய திரை ஒன்று ஏறியது. திரையில் வட்டங்கள், கோடுகள், ஒரு சிவப்பு மணி. டாஷ்போர்டு என்று அதற்குப் பெயர். புலி அதைப் பார்த்துப் பூரித்துப்போய் ஓர் ஆணையும் பிறப்பித்தார்: "இனி டாஷ்போர்டில் பதியாத எதுவும் இந்தக் காட்டில் நடந்ததாகக் கருதப்படாது."

ஆணை போடுகிறவர்கள் அது தங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதைப் போடும்போது யோசிப்பதே இல்லை.

பயிற்சி வகுப்புக்கு எல்லா விலங்குகளும் வந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு. வந்தன. எத்திராஜ் வாலால் திரையைத் தொட்டுத் தொட்டு விளக்கியது.

"இடது பக்கம் மெனு. மெனுவுக்குள்ள 'என் பணிகள்'. அதுக்குள்ள 'நிலுவை'. நிலுவைக்குள்ள போனீங்கன்னா அங்கயும் ஒரு மெனு இருக்கும். பயப்படாதீங்க, அது வேற மெனு."

இந்த இடத்தில் யானைக் காவலர் தூங்கிவிட்டார். வடிகட்டி, வரிசைமுறை என்று பாடம் போனபோது கரடி சாய்ந்தது. 'பயனர் அனுமதிகள்' வந்தபோது கூட்டமே குறட்டை விட்டது. ஒரே ஒரு ஜீவன் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. அது மரகதம் என்ற புள்ளிமான். படிப்பில் ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் அவளுக்குப் புலிக்குப் பக்கத்து இடம் கிடைத்துவிட்டது. புலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மானுக்கு எப்படித் தூக்கம் வரும்?

அதனால் மரகதம் எல்லாவற்றையும் கேட்டாள். வேறு வழியில்லாமல் கேட்டாள்.

கடைசியில் எத்திராஜ் ஒரு படிவத்தைத் திறந்தது. "ஒப்புதல் அளிப்பவர் யார் சார்?"

"நான்தான்" என்றார் புலி.

"விண்ணப்பிக்கிறவரும் நீங்கதானே? ரெண்டும் ஒரே ஆளா இருந்தா சாஃப்ட்வேர் ஏத்துக்காது. வேற ஒரு பேரு சொல்லுங்க."

புலி சுற்றிலும் பார்த்தார். விழித்திருந்தது மரகதம் ஒருத்திதான். அவளுடைய காதுநுனி நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பயப்படுகிறவள் எதற்கு மறுப்புச் சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

"இவ பேரைப் போட்டுக்கோ. வேட்டை, மேய்ச்சல், தண்ணி, எல்லாத்துக்கும் இவளே இருக்கட்டும். தனித்தனியா யாரு பேரு தேடுறது" என்றார்.

எத்திராஜ் போட்டது. கைகுலுக்கியது. போய்விட்டது.

அன்று மத்தியானமே புலிக்குப் பசித்தது. பெருமையாகப் பட்டனை அழுத்தினார். திரையில் சிவப்பு மணி அடித்தது. மரகதம் அருகே போய்ப் பார்த்தாள். 'உங்களுக்கு 1 பணி நிலுவையில் உள்ளது.' மெனுவைத் திறந்தாள், என் பணிகள், நிலுவை, அங்கிருந்த அந்த வேறு மெனு. விண்ணப்பம் விரிந்தது.

இரை: புள்ளிமான். பெயர்: மரகதம்.

கிட்டக்க இருக்கும் இரையைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று எத்திராஜ் சொன்னதல்லவா? திரைக்கு முன்னால் நிற்பவளைவிடக் கிட்டக்க யார் இருக்கிறார்கள்? மரகதத்துக்குக் கண் இருட்டியது. நாலு காலும் நாலு பக்கம் போகப் பார்த்தன. கீழே இரண்டு பட்டன்கள். பச்சை 'ஒப்புதல்'. அதை அழுத்தினால் யானை வந்து தூக்கும். சிவப்பு 'நிராகரி'. அதை அழுத்தினால் விண்ணப்பம் ராஜாவின் நேரடி முடிவுக்குப் போய்விடும் என்றும், அதற்குமேல் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை என்றும் வகுப்பில் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பச்சையிலும் சாவு, சிவப்பிலும் சாவு.

"என்னம்மா, பாத்தியா?" என்று குகைக்குள்ளிருந்து குரல் வந்தது. கோபமாக இல்லை. இலை போட்டுவிட்டார்களா என்று கேட்கிற குரல்.

"பாத்துக்கிட்டே இருக்கேன் ராஜா."

அப்போதுதான் மூலையில் மூன்று புள்ளிகள் அவள் கண்ணில் பட்டன. ஒன்றின்கீழ் ஒன்றாக, எறும்பு முட்டை மாதிரி. வகுப்பு முடிகிற நேரத்தில் எத்திராஜ் அவசரமாகச் சொன்ன விஷயம் அது. தொட்டாள். 'விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பு' என்று வந்தது.

மரகதம் குளம்பால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்: 'இரை கோருவதற்கான காரணம் குறிப்பிடப்படவில்லை.'

அனுப்பினாள். நிலுவை 0 ஆனது. வட்டம் முழுவதும் பச்சையாகி, ஒரு தங்க நட்சத்திரம் சுழன்று சுழன்று வந்து நின்றது. மரகதம் அங்கேயே மடங்கி உட்கார்ந்து அழுதாள். உயிர் இருந்தது.

புலி வெளியே வந்து படித்தார். "காரணமா? பசிதான், வேற என்ன?" என்று முனகியபடி 'பசி' என்று எழுதி அனுப்பினார்.

'பசிக்கு ஆதாரம் இணைக்கவும்.'

வயிற்றைப் படமெடுத்து இணைத்தார்.

'படம் தெளிவாக இல்லை.'

வெயிலில் மல்லாந்து படுத்து மறுபடி எடுத்தார்.

'படத்தில் இருப்பது விண்ணப்பதாரரின் வயிறுதான் என்பதற்கு இரண்டு சாட்சிகளின் பாதக்குறி தேவை.'

இங்கேதான் சிக்கியது. பசித்த புலியின் வயிற்றை நேரில் வந்து பார்த்துச் சாட்சி சொல்ல எந்த விலங்கு வரும்? புலி ஒவ்வொரு புதராகப் போய்க் கெஞ்சினார். புதர்கள் காலியாகிக்கொண்டே வந்தன. முப்பது நாள் ஆனதும் திரையில் தானாகவே ஒரு வரி தோன்றியது. 'விண்ணப்பம் காலாவதியானது. புதிதாக விண்ணப்பிக்கவும்.' நானும் ஒருதரம் குடும்ப அட்டையில் பெயர் திருத்தப் போய் இதே வரியைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் எனக்கும் யாரையாவது கடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

புலியும் கடிக்கத்தான் பார்த்தார். மரகதத்தின்மேல் பாய்ந்தார். மடக். பாதி வழியில் விழுந்தார்.

"பாத்து ராஜா" என்றாள் மரகதம். பிறகு, "அப்படியே பிடிச்சிருந்தாலும் பதிவாகியிருக்காதே. பதியாதது நடந்ததாகவே கருதப்படாதுன்னு நீங்கதானே ஆணை போட்டீங்க?" என்றாள்.

எத்திராஜைக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்துவிட்டு, "ஒப்புதல் ஆளை மாத்திடலாம் சார், சின்ன விஷயம். மாத்தச் சொல்லி ஒரு விண்ணப்பம் போடணும்" என்றது.

"அதுக்கு யாரு ஒப்புதல்?"

"இப்ப இருக்கிற ஒப்புதல் ஆள்தான் சார்."

புலி திரைக்கு முதுகைக் காட்டினார். பிறகு ஓடைப்பக்கம் போய் நண்டு பிடித்துத் தின்றார். நண்டு டாஷ்போர்டில் சேர்க்கப்படாத உயிரினம். எனவே அவர் பசியாறியதாகவும் கருதப்படவில்லை.

காடே மரகதத்தைக் கொண்டாடியது. அவளுடைய அண்ணன் பொன்னுரங்கம், மான்கூட்டத்துத் தலைவன், காட்டுமல்லிகைக் கொடியை மாலையாகப் போட்டு, "எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொன்னான். அன்றுமுதல் அவளை 'மேடம்' என்றார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் அறிவு பலத்தை வெல்லும் என்று எழுதிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சேர்த்திருப்பேன். முடியவில்லை.

மேய்ச்சலுக்கும் அவள்தான் ஒப்புதல் என்று புலி சொல்லிவைத்திருந்தாரே, அந்த விண்ணப்பங்கள் வர ஆரம்பித்தன. முதல் நாள் மரகதம் பத்து விண்ணப்பத்துக்கும் பச்சையை அழுத்தினாள். ஆனால் பச்சையை அழுத்தினால் அதோடு தீராது. புல்வெளி எண், நேரம், யானைக்குத் தகவல் என்று ஏழு பெட்டிகளை நிரப்பினால்தான் நிலுவை இறங்கும். திருப்பி அனுப்பினாலோ ஒரே தொடுதலில் இறங்கும். நட்சத்திரமும் உண்டு. ஒரு வாரம் சமாளித்தாள். இரண்டாவது வாரம் மூன்று புள்ளிகளைத் தொட்டாள்.

'மேய உத்தேசித்துள்ள புல்லின் உயரம் குறிப்பிடப்படவில்லை.'

மான்கள் புல்லை அளந்து எழுதின. 'அளவு எடுக்கப்பட்ட நேரம்?' என்று வந்தது. நேரத்தை எழுதுவதற்குள் புல் வளர்ந்துவிட்டது. அனுமதி எண் இல்லாமல் புல்வெளியில் கால்வைத்த மானை யானைக் காவலர் அலுங்காமல் தூக்கி வெளியே வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் திரையில் வந்ததுதான் தெரியும்.

பொன்னுரங்கம் நேரில் வந்தான். விலா எலும்பு தெரிந்தது. "மரகதம், குட்டிங்க ரெண்டு நாளா பட்டினி. நீ ஒரு பட்டனை அழுத்துனா போதும்."

"அண்ணே, உனக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணும். விண்ணப்பத்துல போட்டுடு, பாக்குறேன்" என்றாள் அவள். சொல்லும்போது கண் திரையில் இருந்தது. அந்த மாதத்தின் சிறந்த பயனர் பட்டியலில் பக்கத்துக் காட்டுக் குரங்கு ஒன்று அவளை நெருங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனும் அந்தப் பட்டியலைப் பார்த்தான். பிறகு ஓடைக்கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த புலியிடம் போனான்.

"ராஜா, அந்த வயித்துக்குச் சாட்சி கேட்டாங்களே, இன்னும் வேணுமா?"

புலி நண்டைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை சிவப்பு மணி அடித்தது. மரகதம் வழக்கம்போல் திறந்தாள். இரை: புள்ளிமான். பெயர்: மரகதம். காரணம் எழுதப்பட்டிருந்தது. ஆதாரம் இணைக்கப்பட்டிருந்தது. படம் பளிச்சென்று இருந்தது. இரண்டு சாட்சி கேட்ட இடத்தில் நாற்பத்திரண்டு குளம்புக்குறிகள். முதல் குறியில் வலப்பக்கம் ஒரு சின்ன உடைசல். குட்டியாக இருந்த இவளைப் பாறைச் சந்திலிருந்து இழுத்துக் காப்பாற்றியபோது பொன்னுரங்கத்தின் குளம்பில் ஏற்பட்ட உடைசல் அது.

அவளுக்கு நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது. அன்றைய பயம் அப்படியே திரும்பி வந்து காதுநுனியில் உட்கார்ந்தது. விண்ணப்பத்தை மேலிருந்து கீழ்வரை மூன்று தடவை படித்தாள். ஒரு குறை இல்லை. தேதி சரி. படம் சரி. அவள் பார்த்ததிலேயே இவ்வளவு ஒழுங்கான விண்ணப்பம் இதுதான். குகை வாசலில் புலியும், அவரை ஒட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு மான்களும் காத்திருந்தன. புலிக்கு இவ்வளவு பக்கத்தில் அத்தனை மான்கள் நிற்பது காட்டு வரலாற்றில் அதுதான் முதல்முறை.

மேய்ச்சல் விண்ணப்பத்துக்குப் பச்சையை அழுத்தி அண்ணன் குட்டிகளுக்குப் புல்லைத் திறந்துவிடலாமா என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். நினைத்தாள் என்பதை அவளுக்காக நான் இங்கே பதிவு செய்கிறேன். வேறு எங்கும் பதிவாகவில்லை.

பிறகு மூன்று புள்ளிகளைத் தொட்டாள். நிதானமாகத் தட்டினாள். அனுப்பினாள்.

பொன்னுரங்கம் திரையைப் பார்த்து உரக்கப் படித்தான்: "'இரையின் சம்மதக் கடிதம் இணைக்கப்படவில்லை.'"

நாற்பத்திரண்டு மான்களும் புலியின் முகத்தைப் பார்த்தன. புலி முட்டியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார்.

"அதுல ஒரு நியாயம் இருக்குப்பா" என்றார். "சம்மதக் கடிதம் வாங்கணும்னா யாருகிட்ட விண்ணப்பிக்கணும்?"

பொன்னுரங்கம் கொம்பால் மரகதத்தைக் காட்டினான். நாற்பத்திரண்டு மான்களும் புலிக்குப் பின்னால் வரிசையில் நின்றன. டாஷ்போர்டில் நிலுவை 0 ஆனது. வட்டம் பச்சையாகி, நட்சத்திரம் சுழன்றது.

நீதி ('மேற்கண்ட அனைத்தையும் படித்தேன்' என்று டிக் செய்தவர்களுக்கு மட்டும்): உன்னைத் தின்பதற்கான விண்ணப்பம் உன்னிடமே ஒப்புதலுக்கு வரும்படி பார்த்துக்கொள். வந்தால் நிராகரித்துப் பகையைத் தேடிக்கொள்ளாதே, விளக்கம் கேள்.