என் பெட்டியை நானே ஏலத்தில் எடுத்தேன்

விற்கத் தெரியாதவனால் குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து கிடையாது. தனக்கு விற்கத் தெரியும் என்று நம்புகிறவன்தான் கவிழ்ப்பான். அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் அப்படி நம்பிய ஆள் நான்.

அப்பா விட்டுப்போனதில் காசாகக்கூடியது ஒரு போனோகிராப் மட்டும். இசைத்தட்டு வருவதற்கு முந்தைய, மெழுகு உருளையில் பாடும் குழாய்ப் பெட்டி. என் தங்கை பாக்கியத்துக்கு நாகர்கோவிலில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பெட்டியை விற்றுத்தான் பணம் கட்ட வேண்டும். இப்படிப்பட்ட பழைய பெட்டிகளைத் தேடித்தேடிச் சேர்க்கும் கொல்லத்து வக்கீல் ஒருவர் வீட்டுக்கே வந்து இருநூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். படிப்புக்கு அது போதும். கொடுத்துவிடு என்று பாக்கியம் கண்ணாலேயே கெஞ்சினாள்.

இவ்வளவு தூரம் ரயிலேறி வந்த மனுஷன் முந்நூறாவது தரமாட்டாரா என்று எனக்குள் ஒரு வியாபாரி விழித்துக்கொண்டான். குற்றாலத்தில் சீசன் ஏலக்கடையில் விடப்போகிறேன், அங்கே வந்து கேளுங்கள் என்றேன். (எம்புட்டுத் தெனாவெட்டு பாருங்க.)

விலையை ஏற்றிவிட என் சிநேகிதன் சுடலைமுத்துவை யாரோ போலக் கூட்டத்தில் நிறுத்தினேன். நான் இருமினால் அவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

வக்கீல் முந்நூறைத் தொட்டதும் இருமினேன். சுடலை முந்நூற்றைம்பது என்றான். வக்கீல் அவனுடைய அழுக்கு வேட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு நானூறு என்றார். சுடலைக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் காசநோய்க்காரன் மாதிரி இருமினேன். பக்கத்திலிருந்தவர் எழுந்தே போய்விட்டார். சுடலை ஐநூறு என்றான். வக்கீல் சிரித்துக்கொண்டே குடையைக் கையில் எடுத்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மணி அடித்தாயிற்று.

"ஏலே, நான் இருமுனது கேக்கலையா?"

"சாரல்ல ஊரே இருமுது. அதுல உன் இருமலை எங்கனனு தேட?"

அவன் பையில் பஸ் காசுதான் இருந்தது. ஏலக்கடைக்காரர் பெட்டியை என்னிடமே தள்ளிவிட்டு, ஐநூறுக்கு உண்டான கமிஷனுக்கு என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டார்.

நனைந்துகொண்டே ஓடி, பஸ் நிற்கும் இடத்தில் வக்கீலைப் பிடித்தேன். இருநூறே போதும் என்றேன். பிறகு நூற்றைம்பது என்றேன். நானும் சுடலையும் பேசிக்கொண்டு நின்றதை அவர் பார்த்திருக்கிறார்.

"விலையில கள்ளம் இருந்தா பெட்டியிலயும் இருக்கும்னு தோணுது. எனக்கு வேண்டா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

வேறு ஆள் கிடைப்பதற்குள் நாகர்கோவில் இடம் கைவிட்டுப் போனது. பாக்கியம் பயணத்துக்கு மடித்து வைத்திருந்த சேலைகளைத் திரும்பக் கொடியில் போட்டாள்.

பிற்பாடு பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டிக்காரருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். நான் போகிற நாளில் தக்காளி ஏலம் தொடங்கினால், "மச்சான், நீங்க அங்கன போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று மாப்பிள்ளை என்னைக் கிளப்பிவிடுவார். லோடுமேன்கள் வரைக்கும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் பாக்கியத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். நெற்றியில் கைவைத்துப் பார்த்து, துணி நனைத்துப் போட்டு, காய்ச்சல் இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் நான் அங்கே இருக்க நேர்ந்தால், மாப்பிள்ளை சொல்லாமலேயே டீக்கடைக்குப் போய்விடுவேன்.